பெரிய டேங்க்ல பல வகை சிக்லிட் ஒண்ணா வளர்க்கணுமா? மீன் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

என் முதல் சிக்லிட் டேங்க்ல 15 மீன் விட்டேன், எட்டாவது மாசம் மிஞ்சினது 4. நாலடி டேங்க். "மிக்ஸட் ஆப்பிரிக்கன்"னு ஒரே தொட்டில கிடந்த குஞ்சுகள்ல கலர் கலரா பார்த்து பொறுக்கிட்டு வந்ததுதான் எல்லாமே. முதல் மூணு மாசம் அவ்ளோ அழகா இருந்துச்சு, எல்லாம் ரெண்டு இன்ச் சைஸ், ஒண்ணும் ஒண்ணை சீண்டாது. அப்புறம் ஒரு மஞ்சள் கோடு போட்ட மீன் கொஞ்சம் கொஞ்சமா கருப்பாக ஆரம்பிச்சுது, அது ஆரட்டஸ் ஆண், பெரிசானா அப்படித்தான் கலர் மாறும்னு எனக்கு அப்ப தெரியாது, அது கருப்பான அன்னையிலேர்ந்து டேங்க் முழுக்க அதோடதுதான். காலைல லைட் போட்டா ஏதாவது ஒரு மீன் துடுப்பு கிழிஞ்சு ஹீட்டர் பின்னாடி ஒண்டிட்டு நிக்கும், ரெண்டு நாள்ல செத்துரும்.

இப்ப ஆறடி டேங்க்ல ரெண்டு வருஷத்துக்கு மேல 20க்கும் அதிகமான சிக்லிட் ஒண்ணா இருக்கு, சண்டைல ஒண்ணு கூட சாகல. நடுவுல நான் கத்துக்கிட்டது எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன். புதுசா ஆரம்பிக்கிறவங்க தயவுசெஞ்சு வரிசையை மாத்தாம போங்க, ஏன்னா பாதி தப்பு வரிசை மாறுறதாலதான் வருது.

1. முதல்ல மீன் லிஸ்ட், அப்புறம்தான் டேங்க்

எல்லாரும் டேங்க் வாங்கிட்டு "இதுல என்ன விடலாம்"னு கேக்குறாங்க. தலைகீழா பண்ணுங்க. ஒரு நோட்டு எடுத்து, நீங்க ஆசைப்படுற ஒவ்வொரு மீனுக்கும் அஞ்சு விஷயம் எழுதுங்க: அறிவியல் பேரு, வளர்ந்தப்புறம் எவ்ளோ நீளம், என்ன திங்கும், டேங்க்ல எந்த உயரத்துல சுத்தும், ஒரு ஆணுக்கு எத்தனை பெண் வேணும். இந்த அஞ்சும் தெரியாத மீன் உங்க வீட்டுக்கு வரக்கூடாது.

அறிவியல் பேரு எதுக்குன்னு கேப்பீங்க. "எலக்ட்ரிக் ப்ளூ"னு ஒரு பேரை எடுத்துக்கோங்க. ஆப்பிரிக்கால இருக்கிற மலாவி ஏரியோட சையனோகுரோமிஸ் ஃப்ரையரிக்கும் அந்தப் பேருதான், அது 15 சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ற, சின்ன மீனைத் திங்குற மீன். எலக்ட்ரிக் ப்ளூ அகாரா, எலக்ட்ரிக் ப்ளூ ராம், எலக்ட்ரிக் ப்ளூ ஜாக் டெம்ப்சினு இன்னும் மூணு இருக்கு. ராம் 5, 6 சென்டிமீட்டரோட நின்னுரும், மிருதுவான தண்ணி கேக்கும். நாலும் நீலமா இருக்குங்கிறதைத் தவிர ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. பேரை மட்டும் நம்பி வாங்கினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

சைஸும் அப்படித்தான். ரெண்டு இன்ச்ல விக்கிற ஆஸ்கார் ஒரு வருஷத்துலயே கையளவுக்கு மேல போயிரும், 30 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும். ஃப்ரண்டோசாவும் 30 பக்கம். வீனஸ்டஸ் 25. ம்புனா வகைகள், அதாவது மலாவி ஏரில பாறைப் பக்கம் வாழுற சிக்லிட், பெரும்பாலும் 10லேர்ந்து 13 சென்டிமீட்டர். கடைல எல்லாமே ஒரே சைஸ்லதான் தெரியும்.

2. ஒரு டேங்க்குக்கு ஒரே ஊர்த் தண்ணி

சிக்லிட்டுங்கிறது ரொம்பப் பெரிய குடும்பம், ஆப்பிரிக்கா ஏரில இருக்கிறதும் அமேசான்ல இருக்கிறதும் ஒரே பேர்ல வருதுங்கிறதுக்காக ஒரே தண்ணில இருக்கும்னு இல்ல. மலாவி ஏரி மீனுக்கு பிஹெச் 7.8லேர்ந்து 8.6 வரைக்கும், நல்ல கடினத் தண்ணி. ஆப்பிரிக்காவோட இன்னொரு ஏரி டாங்கன்யிகா, அந்த மீனுக்கு இன்னும் மேல, 8.5லேர்ந்து 9. டிஸ்கஸ், ராம் மாதிரி அமேசான் பக்கத்து மீனுக்கு 7க்குக் கீழ, மிருதுவான தண்ணி, அதுவும் டிஸ்கஸ்னா 28லேர்ந்து 30 டிகிரி சூடு வேணும். மத்திய அமெரிக்க மீன்கள் 7லேர்ந்து 8 வரைக்கும் தாங்கும்.

அதனால முதல்ல உங்க வீட்டுத் தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க. பிஹெச் மட்டும் பார்த்தா பத்தாது, கேஹெச் (பிஹெச்சை நிலையா வெக்கிற கார்பனேட் அளவு), ஜிஹெச் (தண்ணியோட மொத்தக் கடினம்) ரெண்டும் பாருங்க. அப்புறம் அந்தத் தண்ணிக்கு எந்தக் கூட்டம் பொருந்துதோ அதை எடுங்க. கடினத் தண்ணி வர்ற வீட்டுல டிஸ்கஸ் வளர்க்கணும்னா ஆர்ஓ தண்ணி கலந்து கலந்து ஒவ்வொரு வாரமும் அதே வேலையா இருக்கும், அதே தண்ணில மலாவி மீன் எந்த மருந்தும் இல்லாம சந்தோஷமா இருக்கும்.

மிருதுவான தண்ணியை மலாவிக்கு ஏத்த மாதிரி மாத்துறது ஒப்பிட்டா சுலபம். 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா போட்டா கேஹெச் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். ஜிஹெச் ஏத்த எப்சம் சால்ட். ஆனா டேங்க்ல நேரா கொட்டாதீங்க, மாத்துற புதுத் தண்ணில கரைச்சு ஊத்துங்க, ஒவ்வொரு தடவையும் அதே அளவு. பிஹெச் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா மீன் பழகிக்கும், வாரா வாரம் ஏறி இறங்கினாதான் படுத்துரும்.

3. யாரு யாரோட ஒத்துப்போகும்

இதுதான் முக்கியமான இடம், நிதானமா படிங்க.

தண்ணி ஒத்துப்போனா போதாது. சாப்பாடு, குணம், சைஸ், தோற்றம், இந்த நாலும் ஒத்துப்போகணும். தோற்றத்தை யாருமே யோசிக்கிறதில்ல. ஆண் சிக்லிட் தன்னை மாதிரியே கலரும் கோடும் இருக்கிற மீனைத்தான் முதல்ல போட்டியா நினைக்கும், வேற வகையா இருந்தாலும் சரி. டெமசோனியும் சவுலோசி ஆணும் ரெண்டுமே நீலத்துல கருப்புப் பட்டை, ஒண்ணா விட்டா அடிச்சுக்கும். அதனால லிஸ்ட் போடும்போது ஒரு மஞ்சள், ஒரு நீலப் பட்டை, ஒரு பழுப்புனு கண்ணுக்கு வேற வேறயா தெரியுற மாதிரி எடுங்க.

முதல் தடவை ம்புனா வெக்கிறவங்களுக்கு நான் சொல்றது மூணே மூணு: எல்லோ லேப், ரஸ்டி, அசேய். மூணும் ம்புனால சாதுவானவை, கலரும் வேற வேற, அசேய் மேல்தண்ணிலயும் நல்லா நீந்தும், ஆனா அது 15 சென்டிமீட்டர் பக்கம் போகும்ங்கிறதால அஞ்சடிக்குக் கீழ வேண்டாம். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆணுக்கு மூணு நாலு பெண். ஒரு ஆண் ஒரு பெண்ணுனு ஜோடியா வாங்காதீங்க, ஆண் அந்த ஒரே பெண்ணை இருபத்துநாலு மணி நேரமும் விரட்டி கொன்னுரும், நாலு பெண் இருந்தா விரட்டல் பங்கு பிரிஞ்சுரும். குஞ்சுல ஆண் பெண் தெரியாது, அதனால ஒவ்வொரு வகையும் எட்டு வாங்கி, வளர்ந்ததும் அதிகமான ஆணை எடுத்துருவேன்னு முன்னாடியே முடிவோட வாங்குங்க, எடுக்குற ஆணை யாரு வாங்கிப்பாங்கனும் முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க.

வேண்டவே வேண்டாம்னு சொல்றது ஆரட்டஸ், கென்யி, சிப்போகே. கென்யில பெண் நீலம், ஆண் மஞ்சள், குஞ்சுல எல்லாம் நீலம்தான், அழகா இருக்கும், அதுக்காக ஏமாந்துராதீங்க. டெமசோனி வேணும்னா குறைஞ்சது 12 ஒண்ணா வெக்கணும். நாலு அஞ்சு வெச்சா ஒண்ணு ஒண்ணா குறைஞ்சு கடைசில ஒண்ணுதான் இருக்கும்.

கலர் அள்ளணும்னா பீக்காக், ஹாப் (ரெண்டும் ம்புனா இல்லாத மலாவி வகைகள்) ஆண் மட்டும் இருக்கிற டேங்க். நான் இப்ப வெச்சிருக்கிறது இதுதான். ஒவ்வொரு வகைலயும் ஒரே ஒரு ஆண், எந்த ரெண்டும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது, பெண் ஒண்ணு கூட இருக்கக்கூடாது. ஒரே ஒரு பெண் தப்பித் தவறி உள்ள வந்தாலும் மொத்த டேங்க்கும் போர்க்களமாயிரும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆச்சு, வாங்கும்போது கலர் வராத ஆண்னு சொல்லித்தான் குடுத்தாங்க, ரெண்டே வாரத்துல எது எதோட சண்டைனே தெரியல, அந்த ஒரு மீனை எடுத்தவுடனே மறுநாளே அடங்கிருச்சு. அதனால கலர் வந்த மீனாத்தான் வாங்கணும், காசு கூட ஆகும், பரவால்ல. இன்னொண்ணு, பீக்காக் பெண்கள் எல்லா வகையும் ஒரே சாம்பல் கலர்லதான் இருக்கும், பல வகையைக் கலந்து வெச்சு குஞ்சு எடுத்தா எல்லாம் கலப்புதான், அதை சுத்த வகைனு யாருக்கும் குடுக்காதீங்க.

பீக்காக்கோட ம்புனா கலக்கலாமானு நிறைய பேர் கேக்குறாங்க. பீக்காக் நிதானமா மணலுக்கு மேல நின்னு பூச்சி புழு தேடித் திங்குற மீன், ம்புனா பாறைல ஒட்டின பாசியை நாள் முழுக்க கொறிச்சுட்டு விரட்டிட்டு திரியுற மீன். கலந்தா பீக்காக் பயந்து கலரை இழந்துரும். எல்லோ லேப் மட்டும் விதிவிலக்கு, அதுவும் பூச்சி திங்கும், குணமும் சாது, பீக்காக்கோட நல்லா இருக்கு.

டாங்கன்யிகா வெக்கிறவங்க உயரத்தைப் பிரிச்சுக் குடுக்கணும். கீழ மணல்ல காலி நத்தை ஓட்டுக்குள்ள குடும்பம் நடத்துற மல்ட்டிஃபேசியேட்டஸ், பாறைக் குவியல்ல ஒரு ஜோடி ஜூலிடோகுரோமிஸ், மேல கூட்டமா சைப்ரிகுரோமிஸ். மூணுக்கும் தனித்தனி வீடு, யாரும் யாரு வாசலுக்கும் போக வேண்டாம், பார்க்கவே மனசுக்கு இதமா இருக்கும். அந்த நத்தை ஓட்டு மீன் ரெண்டு இன்ச் கூட முழுசா வராது, ஆனா தன் ஓட்டுகிட்ட நீங்க கையை விட்டாலும் வந்து கடிக்கும். ஃப்ரண்டோசாவை இதுங்களோட விட்றாதீங்க, ஏரிலயே அதோட சாப்பாடு தூங்குற சைப்ரிகுரோமிஸ்தான். ட்ரோஃபியஸ் தனிக் கூட்டமா தனி டேங்க்ல வெக்க வேண்டிய மீன், புதுசா வர்றவங்களுக்கு இல்ல.

தென் அமெரிக்கால பெருசு வேணும்னா ஆறடில ஆஸ்கார் ரெண்டு, செவெரம் ரெண்டு மூணு, ஜியோஃபேகஸ் ஒரு அஞ்சாறு, மேல சில்வர் டாலர் கூட்டம். சின்னது வேணும்னா ஏஞ்சல், பொலிவியன் ராம், கீழ கோரிடோரஸ். வாய்க்குள்ள போற சைஸ் எதுவா இருந்தாலும் ஆஸ்காருக்கு அது சாப்பாடுதான், ஏஞ்சலுக்கும் நியான் டெட்ரா அப்படித்தான். டிஸ்கஸோட ஏஞ்சல் வேண்டாம், வேகமா தின்னு டிஸ்கஸைப் பட்டினி போட்டுரும்.

மத்திய அமெரிக்கால ஜாக்வார், ரெட் டெவில், அப்புறம் மனுஷன் உண்டாக்கின கலப்பினமான ஃப்ளவர்ஹார்ன், இதெல்லாம் ஒரு டேங்க்குக்கு ஒண்ணுதான். கான்விக்ட் சின்னதா இருக்கேனு நினைக்காதீங்க, ஒரு ஜோடி முட்டை வெச்சா பாதி டேங்க்கை காலி பண்ண வெச்சுரும்.

4. டேங்க் எவ்ளோ பெருசு, தரை தாங்குமா

உயரம் முக்கியமில்ல, நீளமும் அகலமும்தான் முக்கியம். சிக்லிட் தரையளவைத்தான் தன் இடம்னு பிடிக்கும். சாதுவான ம்புனாவுக்கு நாலடி நீளம் ஒண்ணரை அடி அகலம் குறைஞ்சபட்சம், பல வகை சேர்த்து வெக்கணும்னா அஞ்சடி, ஹாப்பும் பெரிய அமெரிக்க மீனும்னா ஆறடிக்கு ரெண்டடி.

ஒரு கன அடி தண்ணி 28 லிட்டர் சொச்சம், ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆறுக்கு ரெண்டுக்கு ரெண்டுனா 24 கன அடி, 680 லிட்டர், அதாவது தண்ணி மட்டுமே 680 கிலோ. கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தா 900 கிலோவை நெருங்கும். மாடில வெக்கிறீங்கன்னா தெரிஞ்ச கட்டட இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டு, சுமை தாங்குற சுவரை ஒட்டி, பீமுக்கு மேல வர்ற மாதிரி வைங்க. வாடகை வீடா இருந்தா வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி எழுத்துல வாங்கிக்கோங்க, தண்ணி கசிஞ்சு கீழ் வீட்டு சீலிங் நனைஞ்சப்புறம் பேசுறது வேற மாதிரி இருக்கும்.

டேங்க் பில், கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர்னு எழுதினது, கசிவுக்கு எத்தனை மாசம் வாரண்டி, இந்த மூணும் கைல இல்லாம முழுப் பணத்தைக் குடுக்காதீங்க. ரெண்டடி உயர டேங்க்குக்கு நான் 12 மில்லிமீட்டர்தான் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் ரசமட்டம் வெச்சு ஸ்டாண்டு சமமா இருக்கானு பார்த்து, முழுசா தண்ணி நிரப்பி மூணு நாள் சும்மா விடுங்க. அதுக்கப்புறம்தான் மத்தது.

5. காசு எதுல போகும், எதுல மிச்சம் பிடிக்கலாம்

மீன் விலைதான் செலவுனு நினைச்சு ஆரம்பிக்கிறோம், உண்மைல மொத்தத்துல அது சின்னப் பங்குதான். டேங்க், ஸ்டாண்டு, ஃபில்டர் மூணும்தான் பெரும்பகுதி. அதுக்கப்புறம் மாசா மாசம் கரண்ட், தண்ணி, சாப்பாடு, குளோரின் எடுக்குற மருந்து. வாரத்துக்கு 40 சதவீதம் தண்ணி மாத்தினா 680 லிட்டர் டேங்க்குக்கு மாசம் ஏறக்குறைய 1,100 லிட்டர் தண்ணி வேணும், அது எங்கேர்ந்து வரும்னு இப்பவே யோசிங்க.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் ஸ்டாண்டு, ஃபில்டர், ஹீட்டர், டெஸ்ட் கிட். மணிக்கு டேங்க் கொள்ளளவைப் போல எட்டு பத்து மடங்கு தண்ணி ஃபில்டர் வழியா போகணும், ஏன்னா இதுல மீன் நெருக்கமாத்தான் இருக்கும். ஒரு பெரிய கேனிஸ்டருக்கு (டேங்க்குக்கு வெளிய வெக்கிற மூடின ஃபில்டர்) பதிலா ரெண்டு நடுத்தரம் வைங்க, ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓடும். இடம் இருந்தா சம்ப் (டேங்க்குக்குக் கீழ தனித் தொட்டில வெக்கிற ஃபில்டர்) இன்னும் நல்லது. ஹீட்டரும் அதே மாதிரி ரெண்டு, தேவைப்படுற வாட்டை பாதி பாதியா பிரிச்சு. ஒரு பெரிய ஹீட்டர் ஆஃப் ஆகாம சிக்கிக்கிட்டா மொத்த டேங்க்கும் வெந்துரும், சின்னது சிக்கினா உங்களுக்குக் கவனிக்க நேரம் கிடைக்கும். கரண்ட் போனா ஓடுற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம்.

மிச்சம் பிடிக்கலாம்னா லைட், பின்னாடி ஒட்டுற 3டி பேக்ரவுண்டு, அலங்காரப் பொருள், விலை கூடின ஃபில்டர் மீடியா (ஃபில்டர் உள்ள போடுற பொருள்). மீடியாவுக்கு சாதா ஸ்பாஞ்சே போதும். டெஸ்ட் கிட் ஸ்ட்ரிப் வேண்டாம், சொட்டு விடுறதுதான் வேணும்.

6. கல்லும் மணலும்

கல்லை முதல்ல கண்ணாடித் தரைல வெச்சுட்டு அப்புறம் மணல் கொட்டுங்க. மணலுக்கு மேல கல்லை அடுக்கினா மீன் அடியில தோண்டி சரிச்சுரும், அது மீன் மேலயும் விழும், கண்ணாடிலயும் விழும். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மெல்லிசா ஒரு ஃபோம் ஷீட் அல்லது பிளாஸ்டிக் கிரிட் இருக்கட்டும்.

கல்லுல கொஞ்சம் வினிகர் ஊத்திப் பாருங்க, நுரைச்சா சுண்ணாம்பு இருக்கு, தண்ணியைக் கடினமாக்கும். மலாவிக்கு நல்லது, அமேசானுக்கு ஆகாது. ம்புனாவுக்கு கல்லை கிட்டத்தட்ட மேல்மட்டம் வரைக்கும் குவிச்சு நிறைய பொந்து விடுங்க, ஒவ்வொரு பொந்துக்கும் ரெண்டு வாசல் இருக்கணும், ஒரே வாசல்னா உள்ள மாட்டின மீன் வெளிய வர முடியாது. ஒரு மூலைலேர்ந்து பார்த்தா மறு மூலை தெரியக்கூடாதுங்கிறதுதான் அளவு, கண்ணுல படாத மீனை விரட்ட மாட்டாங்க. பீக்காக்குக்கு கல் கம்மி, திறந்த மணல் அதிகம், மெல்லிய மணலா இருக்கணும், அது வாயால சலிச்சுத்தான் திங்கும்.

7. சைக்ளிங்: நாலுலேர்ந்து ஆறு வாரம், குறுக்கு வழி இல்ல

மீன் கழிவுல வர்ற அமோனியாவை ஒரு பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொண்ணு அதை நைட்ரேட்டா மாத்தும். இந்த ரெண்டும் ஃபில்டர்ல வளர்றதுக்குத்தான் இந்த நேரம். மலாவி டேங்க்ல இதை அவசரப்படுத்தவே கூடாது, ஏன்னு சொல்றேன். தண்ணில இருக்கிற மொத்த அமோனியால மீனைக் கொல்றது ஒரு பகுதிதான், 25 டிகிரில பிஹெச் 7ல அது அரை சதவீதம் சொச்சம், பிஹெச் 8ல 5 சதவீதம், 8.5ல 15 சதவீதம். அதாவது டெஸ்ட் கிட்ல அதே கலர் காட்டினாலும் மலாவி தண்ணில அது பல மடங்கு விஷம்.

மீன் இல்லாமலேயே பண்ணுங்க. அமோனியம் குளோரைடு கரைசல் வாங்கி அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வர்ற அளவு ஊத்துங்க, 28 டிகிரி சூடு, ஏர் நல்லா ஓடட்டும். முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துல அமோனியா இறங்க ஆரம்பிக்கும், நைட்ரைட் ஏறும். அந்த நைட்ரைட் ஏறினபடியே நிக்கிற ரெண்டு மூணு வாரம்தான் பொறுமையைச் சோதிக்கும், இங்கதான் பலர் "தண்ணி தெளிவா இருக்கே"னு மீனை விட்டுருவாங்க. 2 பிபிஎம் ஊத்தி 24 மணி நேரத்துல அமோனியா 0, நைட்ரைட் 0 ரெண்டும் வரணும், அதுவும் தொடர்ந்து மூணு நாள். வந்ததும் பெரிசா ஒரு தண்ணி மாத்திட்டு மீன். ஆரோக்கியமான பழைய டேங்க்ல ஓடின ஸ்பாஞ்ச் கிடைச்சா ரெண்டு வாரத்துலயே முடிஞ்சுரலாம்.

குழாய்த் தண்ணில குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) கலக்குறாங்களானு தெரிஞ்சுக்கோங்க. சாதா தயோசல்ஃபேட் போட்டா குளோரின் போகும், ஆனா அதுல ஒட்டியிருந்த அமோனியா தண்ணிலயே நிக்கும். அமோனியாவையும் பிடிச்சு வெக்கிற கண்டிஷனர் வேணும்.

8. மீன் வாங்குறதும் விடுறதும்

சைக்ளிங் நடக்குறப்பவே தனி டேங்க் ஒண்ணு, 100 லிட்டர் போதும், அதுக்கான ஸ்பாஞ்ச் ஃபில்டரை பெரிய டேங்க்லயே போட்டு பழக்கிடுங்க. வாங்குற குஞ்சுகள் நாலு வாரம் அங்கதான் இருக்கணும். இந்த நாலு வாரத்தை நான் ஒரு தடவை சோம்பல்ல விட்டேன், ஒரு புது மீனால டேங்க் முழுக்க வெள்ளைப் புள்ளி நோய் வந்து, 680 லிட்டருக்கு மருந்து வாங்க வேண்டியதாச்சு.

வாங்கும்போது பில்லுல அறிவியல் பேரை எழுதித் தரச் சொல்லுங்க. எழுதத் தயங்குற இடத்துல வாங்காதீங்க, அவ்ளோதான். சாப்பிடுதானு கண்ணால பார்த்துட்டு வாங்குங்க, வயிறு ஒட்டினது, வெள்ளை நூல் மாதிரி கழிவு தொங்குறது, தனியா மூலைல நிக்கிறது எதுவும் வேண்டாம்.

ம்புனாவை ஒரே சைஸ் குஞ்சா எல்லா வகையும் ஒரே நாள்ல விடுறதுதான் நல்லது, யாருக்கும் முன்னாடியே இடம் பிடிக்க நேரம் கிடைக்காது. மத்த டேங்க்ல சாது முதல்ல, முரடன் கடைசில, நடுவுல ரெண்டு மூணு வாரம் இடைவெளி. ஏற்கெனவே மீன் இருக்கிற டேங்க்ல புதுசு விடணும்னா ஒண்ணே ஒண்ணு விடாதீங்க, மூணு நாலு சேர்த்து விடுங்க, அதுக்கு முன்னாடி கல்லை எல்லாம் இடம் மாத்தி, பழைய மீனுக்கு வயிறு நிறையப் போட்டு, லைட்டை அணைச்சுட்டு விடுங்க. கல் மாறினா பழைய ஆளுக்கும் அது புது வீடுதான்.

சாதுவான ம்புனா அஞ்சடில ஒரு 20 வரைக்கும் போகலாம். நெருக்கமா இருந்தா ஒரே மீனை குறி வெச்சு அடிக்க முடியாதுங்கிறது உண்மைதான், ஆனா அந்த நெருக்கத்துக்கு ஃபில்டரும் தண்ணி மாத்துறதும் ஈடு குடுக்கணும். இதே கணக்கை ஆஸ்காருக்கும் டிஸ்கஸுக்கும் போடாதீங்க.

9. சாப்பாடு

ம்புனாவோட குடல் நீளம், பாசி திங்குறதுக்காக அமைஞ்சது. ஸ்பைருலினாங்கிற பாசி கலந்த சின்ன பெல்லட், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, அரை நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு. மாட்டு இதயம், ரத்தப்புழு இதெல்லாம் போட்டா சீக்கிரம் வளரும்னு சொல்வாங்க, வயிறு உப்பி சாப்பாட்டைத் துப்பி, வெள்ளை நூலா கழிவு போய் நாலு நாள்ல செத்துரும், இதுக்கு மலாவி ப்ளோட்னு பேரு. முதல் நாள் சாப்பாட்டை மறுக்கும்போதே தனியா எடுத்து மெட்ரோனிடசோல் குடுத்தா சில சமயம் பிழைக்கும், வயிறு உப்பினப்புறம் கஷ்டம்தான். சாப்பாட்டால மட்டும் இல்ல, ஓயாம விரட்டு வாங்குற மீனுக்கும் இது வரும்.

பீக்காக், ஹாப்புக்குப் புரதம் கூடின பெல்லட் சரி. வாரத்துக்கு ஒரு நாள் யாருக்கும் சாப்பாடு கிடையாது.

10. எது சண்டை, எது சண்டை இல்ல

விரட்டுறது, வாயை வாயால பிடிச்சுத் தள்ளுறது, உடம்பை நடுக்கிக் காட்டுறது இதெல்லாம் தினசரி வாழ்க்கை, பதறாதீங்க. ஒரே மீன் ரெண்டு நாளா மேல் மூலைல ஒதுங்கி நிக்குது, துடுப்பு கிழிஞ்சிருக்கு, சாப்பிட வரலன்னா அன்னைக்கே எடுங்க. நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டதுலதான் முதல் டேங்க்ல செத்த அந்த 11ல பாதியை நான் இழந்தேன்.

எடுத்தவுடனே அடி வாங்கினதை தனி டேங்க்ல ஆத்துங்க. ஆனா அதோட முடியாது, அடிச்சவன் அடுத்த ஆளைத் தேடுவான். அவனையும் எடுத்து ஒரு வாரம் தனியா வெச்சு, கல்லை மாத்திட்டு கடைசியா திரும்ப விடுங்க, பெரும்பாலும் அடங்கிருவான். ரெண்டாவது தடவையும் அதே பண்ணினா அவன் இந்தக் கூட்டத்துக்கு இல்ல, வேற ஆளுக்குக் குடுத்துருங்க, எவ்ளோ அழகா இருந்தாலும். தண்ணி 27, 28னு போனா சண்டையும் கூடும், மலாவிக்கு 25ல வைங்க.

11. வாரா வாரம்

30லேர்ந்து 50 சதவீதம் தண்ணி மாத்துறது, அதே சூடு, அதே கேஹெச். நைட்ரேட் 40 பிபிஎம்மைத் தாண்ட விடாதீங்க, 20க்குள்ள இருந்தா ரொம்ப நல்லது. ரெண்டு ஃபில்டரையும் ஒரே நாள்ல கழுவாதீங்க, ஸ்பாஞ்சை டேங்க்லேர்ந்து எடுத்த தண்ணிலதான் அலசணும், குழாய்த் தண்ணில அலசினா குளோரின் பாக்டீரியாவைக் கொன்னுரும்.

முதல் படில எடுத்த அதே நோட்டுல தேதி போட்டு பிஹெச், கேஹெச், நைட்ரேட், எத்தனை லிட்டர் மாத்தினீங்க, எந்த மீன் புதுசு, எது எதை விரட்டுதுனு ரெண்டு வரி எழுதுங்க. ஏதாவது செத்தா யாருகிட்ட கேட்டாலும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க, அந்த நேரத்துல ஞாபகத்துலேர்ந்து சொல்றது எதுவும் சரியா இருக்காது.

ஆணும் பெண்ணும் இருக்கிற மலாவி டேங்க்னா ஒரு நாள் ஒரு பெண் வாய் உப்பி, சாப்பிடாம ஒதுங்கி நிக்கும். அது நோய் இல்ல, வாய்க்குள்ள முட்டை. மூணு வாரம் அப்படியே இருக்கும். குஞ்சு வேணும்னா பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு அலுங்காம தனி டேங்க்குக்கு மாத்துங்க, வேண்டாம்னா அங்கயே விட்டுருங்க, துப்பின குஞ்சுல கல்லிடுக்குல ஒளிஞ்சு ஒண்ணு ரெண்டு தப்பிச்சாலே அதிகம். அப்படி தப்பிச்சு வளர்ந்து டேங்க்ல இடம் பத்தாமப் போனா வளர்க்கத் தெரிஞ்ச ஆளுக்குக் குடுங்க, வாங்கின இடத்துலயே திருப்பி எடுத்துப்பாங்களானு கேளுங்க. ஆத்துலயோ குளத்துலயோ மட்டும் விட்றாதீங்க, நம்ம டேங்க்ல இது பண்ணின அட்டகாசத்தை அங்க இருக்கிற மீனுக்கும் பண்ணும், அதுங்களுக்கு எடுத்து வெக்க வேற டேங்க் கிடையாது.